பிஎல்ஏ பிளாஸ்டிக்குக்கு உறை ஊற்றுவது எப்படி?

இரண்டு வருடத்துக்கு முன் கல்லடியில் எனக்குப் பழக்கமான ஒரு தேத்தண்ணிக் கடைக்கு ஒரு பெட்டி கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போலத் தெளிவானவை. சோளத்திலிருந்து செய்தது, உக்கிப்போகும் என்று பெருமையாகச் சொன்னேன். கடைக்காரக் காக்கா ஒன்றை எடுத்துக் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயை ஊற்றினார். கோப்பை கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு இடுப்பொடிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. “என்ன தம்பி, உங்கட கோப்பைக்கு வெட்கம் வந்திட்டு” என்றார்.

அன்று குனிந்தது பிஎல்ஏ, அதாவது பொலிலாக்டிக் அமிலம். 2017 செப்டெம்பரில் இலங்கையில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்த பிறகு மாற்றுப் பொருட்களில் அடிக்கடி அடிபடும் பெயர். அது ஏன் குனிகிறது, நிமிர்ந்து நிற்க வைக்க என்ன கலக்கவேண்டும், கலந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். சொந்தமாக ஒரு 3டி பிரிண்டர் வைத்திருப்பவர், பல்கலைக்கழக இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்தவர், சின்னதாக ஒரு அச்சு வேலை தொடங்க நினைப்பவர் என மூவரையும் மனதில் வைத்திருக்கிறேன். கீழே பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

முதலில் எருமைத் தயிர்

எங்கள் பக்கத்தில் சட்டித் தயிருக்கு விளக்கம் தேவையில்லை. பாலைக் காய்ச்சி, பதமாக ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை ஊற்றி, அசைக்காமல் வைப்போம். சூடு அதிகமானால் உறை செத்துப்போகும். பால் குளிர்ந்துபோனால் உறையாது. பதம் சரியாக இருந்தாலும் நேரம் கொடுக்காவிட்டால் தண்ணீராகவே கிடக்கும்.

பிஎல்ஏ பளிங்காவதும் ஏறக்குறைய இப்படித்தான். உருகிய நிலையில் அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நூடில்ஸ் போலச் சிக்கிக் கிடக்கின்றன. ஆறும்போது அவற்றில் ஒரு பகுதி மடிந்து மடிந்து ஒழுங்காக அடுக்கப்பட்டால் அது பளிங்கு. அடுக்கப்படாமல் சிக்கிய கோலத்திலேயே விறைத்துப்போனால் அது பளிங்குருவற்ற பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரி. சொப்பிங் பையின் பொலித்தீன் மிக வேகமாக அடுக்கிக்கொள்ளும். நாம் தடுக்க நினைத்தாலும் முடியாது. பிஎல்ஏவின் சங்கிலி விறைப்பானது, சோம்பேறி. அடுக்கத் தொடங்க ஒரு கருவும் அதற்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. வழக்கமான வேகத்தில் ஆறும்போது அது பெரும்பாலும் கண்ணாடியாகவே நின்றுவிடும்.

பளிங்குருவற்ற பிஎல்ஏ 55 முதல் 60 பாகைக்குள் இளகத் தொடங்கும். இதைக் கண்ணாடி நிலைமாற்று வெப்பநிலை என்பார்கள். பிளேன்டீயின் சூடு அதற்கு மேல். மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வாகனத்தின் முன் தட்டும் அந்தச் சூட்டைத் தொடும். அதே பிஎல்ஏ நன்றாகப் பளிங்கானால் 100 பாகையிலும் உருக்குலையாமல் நிற்கும். பளிங்குகள் உருகுவது 150 முதல் 180 பாகைக்குள். தரத்தைப் பொறுத்து அது மாறும்.

ஆக, அடுக்கும் வேலை நடக்கக்கூடிய பதம் 60க்கும் 160க்கும் இடையில் இருக்கிறது. 60க்குப் பக்கத்தில் சங்கிலியால் அசைய முடியாது, 160க்குப் பக்கத்தில் கரு தங்காது. வேகம் உச்சத்துக்கு வருவது 100 முதல் 115 பாகை வரை. இந்த எண்ணை மறக்காதீர்கள். இந்தத் துறையில் புதிதாக வருபவர் செய்யும் பிழைகளில் பாதி, சேர்பொருளுக்குக் காசைக் கொட்டிவிட்டு இந்தச் சூட்டில் பொருளை ஒரு நிமிடம்கூட வைக்காமல் விடுவதுதான். நானும் அதைச் செய்தேன். டல்க் என்ற வெள்ளைக் கல்தூளைக் கலந்தேன், 30 பாகை அச்சில் ஊற்றினேன், கோப்பை பழையபடி குனிந்தது.

என்ன பிஎல்ஏ என்று கேட்டு வாங்குங்கள்

லாக்டிக் அமிலத்துக்கு இடக்கை வலக்கை போல இரண்டு வடிவம் உண்டு: எல், டி. சங்கிலி முழுக்க எல் ஆக இருந்தால் நன்றாக அடுக்கலாம். இடையிடையே டி நுழைந்தால், ஒழுங்காக நிற்கும் வரிசையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது மாதிரி, அடுக்கு குலையும். டி 1 அல்லது 2 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. 4, 5 வீதமானால் மெதுவாகும். 10 வீதத்தைத் தாண்டினால் எந்தச் சேர்பொருளும் உதவாது. நேச்சர்வொர்க்ஸ் நிறுவனத்தின் இன்ஜியோ வரிசையில் 4032டி பளிங்காகக்கூடியது, 4060டி ஆகாது. இரண்டும் பார்வைக்கு வெறும் மணிகள்தான். விற்பவரிடம் தரவுத்தாள் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

3டி பிரிண்டர் இழை வாங்குபவருக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வெப்பம் தாங்கும் பிஎல்ஏ, பதப்படுத்தக்கூடிய பிஎல்ஏ என்று விற்கும் இழைகளில் பெரும்பாலும் கருவாக்கி (அடுக்கத் தொடங்கக் கரு கொடுக்கும் சேர்பொருள்) ஏற்கனவே சேர்ந்திருக்கும். அதை வாங்கினால் கலக்கும் வேலை இல்லை, சூடு கொடுக்கும் வேலை மட்டும்தான். முதல் முயற்சிக்கு இதுதான் என் சிபாரிசு.

காயவைத்தல், குறிப்பாக மாரியில்

நெல்லைக் காயாமல் மூட்டை கட்டினால் என்ன நடக்கும் என்று அம்பாறைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பிஎல்ஏ அதைவிட மோசம். ஈரத்தோடு 190 பாகையில் உருக்கினால் தண்ணீர் சங்கிலிகளை வெட்டித் துண்டாக்கும். குட்டைச் சங்கிலி வேகமாகவே பளிங்காகும். அதைப் பார்த்துச் சேர்பொருள் வேலை செய்கிறது என்று நீங்கள் சந்தோஷப்படலாம். பிறகு பொருளைக் கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி முறியும்.

ஈரப்பதன் 0.025 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். பால்வெள்ளை நிறத்தில் வரும் பளிங்கான மணிகளை 80 பாகையில் 4 மணித்தியாலம் காயவைக்கலாம். தெளிவான, பளிங்காகாத மணிகளையோ சாதாரண இழையையோ அந்தச் சூட்டில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒரு முழுச் சுருள் இழையை அப்படிக் கட்டியாக்கி, கடைசியில் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தியவன் நான். அவற்றுக்கு 45 பாகை, 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில், காய்ந்த பொருளைத் திறந்து வைத்தால் உழைப்பெல்லாம் வீண். இறுக்கமான மூடியுள்ள வாளி, உள்ளே சிலிக்கா ஜெல் பொதிகள். காயவைத்த கையோடு உருக்குவதே நல்லது.

எதைக் கலப்பது?

சேர்பொருட்களில் இரண்டு சாதி. கருவாக்கி, சங்கிலிகள் அடுக்கத் தொடங்க இடம் கொடுக்கும். மென்மையாக்கி, விறைத்த சங்கிலிகளுக்கு எண்ணெய் போட்டு அசையவைக்கும். முன்னதுதான் நம்முடைய உறை. பின்னது பாலைப் பதமாக வைத்திருக்கும் கதகதப்பு. (தயிர் உவமை இதற்கு மேல் ஓடாது. உறை பாலில் பெருகும். டல்க் போட்டது போட்டபடியே கிடக்கும்.)

கருவாக்கியில் டல்க்கிலிருந்து தொடங்குங்கள். மலிவு, 1 வீதம் போதும், வேலை செய்வது உறுதி. கடைகளில் கிடைக்கும் வெள்ளை நிற உக்கும் கரண்டிகளிலும் பெரும்பாலும் டல்க்தான் இருக்கிறது. தூள் சில மைக்ரோன் அளவுக்கு நுண்மையாக இருக்கவேண்டும், பிளாஸ்டிக் தொழிலுக்கென்று விற்பதாக இருக்கவேண்டும். முகத்துக்குப் போடும் பவுடர் வேண்டாம்: அதில் வாசனை உண்டு, சிலதில் டல்க்கே இல்லை, சோளமாதான். தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம், நுரையீரலுக்கு நல்லதல்ல. 1 வீதம் நல்லதென்றால் 10 வீதம் பத்து மடங்கு நல்லதென்று நினைக்கவேண்டாம். கரு போதிய அளவுக்கு வந்த பிறகு மிச்சத் தூள் வெறும் பாரம், பொருளும் நொறுங்கத் தொடங்கும்.

வேறு கருவாக்கிகளும் இருக்கின்றன. ஓரோட்டிக் அமிலம் 1 வீதத்துக்கும் குறைவான அளவிலேயே நன்றாக வேலை செய்யும். வலக்கைப் பிஎல்ஏவைச் சில வீதம் கலந்தால், இடக்கையும் வலக்கையும் கோர்த்துக்கொண்டு 220 பாகைக்கு மேல் உருகும் தனிப் பளிங்கை உண்டாக்கும். சாதாரண பிஎல்ஏவுக்கு அந்தப் பளிங்கே கருவாகிவிடும். மிக அழகான வழி, ஆனால் விலை கூட. ஆய்வு செய்பவருக்கு விட்டுவிடுவோம்.

“உமி போட்டால் என்ன?” அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் யாரோடு பேசினாலும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான், உமி மலைபோலக் கிடக்கிறது. அரைத்த உமி, தும்பு போன்றவற்றின் மேற்பரப்பில் சில கருக்கள் பிறப்பது உண்டு. ஆனால் டல்க்கின் வேகம் வராது, ஈரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். பொருளின் விலையைக் குறைக்க, விறைப்பைக் கூட்ட உமி சேர்ப்பது வேறு கணக்கு. பளிங்காக்க என்றால் உமியோடு டல்க்கும் வேண்டும்.

மென்மையாக்கியில், சிட்ரிக் அமிலத்திலிருந்து செய்யும் எண்ணெய் போன்ற சிட்ரேட் வகைகளும் பொலிஎதிலீன் கிளைகோலும் வழமையானவை. 5 வீதத்தில் தொடங்கலாம். இவை கண்ணாடி நிலைமாற்று வெப்பநிலையைக் கீழே இறக்கும், பளிங்காகும் பதத்தின் கதவு கீழ்ப்பக்கமாக அகலும். தனியே மென்மையாக்கி போட்டால் பலன் சுமார். டல்க்கோடு சேர்ந்தால்தான் ஆட்டம் மாறும்: பல நிமிடங்கள் எடுத்த வேலை, நல்ல தரத்துப் பிஎல்ஏவில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடலாம்.

பாக்டீரியா செய்யும் பிஎச்பி (பொலிஹைட்ரொக்சிபியூட்டிரேட்) என்ற பிளாஸ்டிக்கோடு வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல். மொரிஸ் லெமுவான் 1920களில் கண்டறிந்த பொருள் அது. அதற்குச் சிக்கல் வேறு மாதிரி: கரு மிகக் குறைவு, அதனால் ஒவ்வொரு பளிங்கு உருண்டையும் பெரிதாக வளர்ந்து நடுவில் வெடிக்கும். அங்கே கருவாக்கி சேர்ப்பது உருண்டைகளைச் சிறிதாக்கவும்தான். போரன் நைத்திரைட்டு அதற்குப் பேர்போனது.

கலப்பது

ஒரு கிலோவுக்கு என் அளவு: காய்ந்த பிஎல்ஏ 940 கிராம், சிட்ரேட் 50 கிராம், டல்க் 10 கிராம். மூடியுள்ள வாளியில் மணிகளைப் போட்டு, முதலில் சிட்ரேட்டை ஊற்றி நன்றாக உருட்டுங்கள். மணிகள் பளபளப்பானதும் டல்க்கைத் தூவி மீண்டும் உருட்டுங்கள். முறுக்கு மாவில் எள் ஒட்டுவது மாதிரி ஒட்டும். இந்த வரிசையை மாற்றினால் டல்க் அடியில் தங்கிவிடும்.

பிறகு 180 முதல் 190 பாகையில் உருக்கித் தள்ளும் இயந்திரம். ஆய்வுகூடத்தில் இரட்டைத் திருகு இயந்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஒரே ஓட்டத்தில் சீராகக் கலக்கும். ஒற்றைத் திருகுச் சின்ன இயந்திரமானால் வெளியே வந்த இழையை வெட்டி, காயவைத்து, இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள மணி திருகில் வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சமாளிக்கலாம். 210 பாகைக்கு மேல் ஏற்றாதீர்கள், உள்ளேயே நிறுத்தி வைக்காதீர்கள், சங்கிலி கெட்டுவிடும். வீட்டுச் சட்டியில் உருக்கிக் கிளறுவதையும், குளோரோஃபோமில் கரைத்துக் கலப்பதையும் வீட்டில் செய்யவே வேண்டாம். இரண்டாவது, புகைக்கூடு உள்ள ஆய்வுகூட வேலை.

ஒரே ஒரு கலவை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வெறும் பிஎல்ஏ, டல்க் மட்டும், சிட்ரேட் மட்டும், இரண்டும் சேர்த்து என நான்கு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பாதித் துண்டுகளுக்கு அடுத்த படியில் சொல்லும் சூட்டைக் கொடுங்கள், மீதிக்குக் கொடுக்காதீர்கள். மொத்தம் எட்டு வகை. இதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போகும். ஆனால் எது எதனால் வந்தது என்று கையில் தெரியும். எனக்கு வெறும் பிஎல்ஏகூட ஒரு மணித்தியாலம் சூட்டில் இருந்த பிறகு நிமிர்ந்து நின்றது. சேர்பொருள் எனக்கு வாங்கிக் கொடுத்தது நேரத்தைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சூடும் நேரமும்

அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் அச்சையே 100 முதல் 110 பாகையில் வைத்திருக்கவேண்டும். குளிர்ந்த அச்சில் தள்ளிவிட்டுக் கருவாக்கியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பிரிண்ட் செய்த பொருளானால் பிறகு சூடாக்கலாம். ஓர் உலோகப் பெட்டியில், முன்பே காயவைத்த தூள் உப்பைப் பரப்பி, பொருளை வைத்து, இண்டு இடுக்கெல்லாம் உப்பை நிரப்பி அழுத்துங்கள். இளகும்போது சாயாமல் உப்பு தாங்கும். மின்சார அவனில் 100 முதல் 105 பாகை. அவன் அடுப்பு காட்டும் எண்ணை நம்பவேண்டாம், பத்து இருபது பாகை பொய் சொல்லும். தனி வெப்பமானி ஒன்றை உப்புக்குள் செருகி, உப்பு 100ஐத் தொட்டதிலிருந்து 45 நிமிடம் கணக்கெடுங்கள். பிறகு சுவிச்சை நிறுத்தி, அப்படியே ஆறவிடுங்கள். இந்த அவனில் இனிச் சாப்பாடு செய்யாமல் இருப்பது நல்லது.

அடுக்கினால் இடம் மிச்சம், ஆகவே பொருள் சுருங்கும். பிரிண்ட் செய்தவை நீளத்திலும் அகலத்திலும் சுருங்கி, உயரத்தில் சற்றுக் கூடும். பூட்டும் பாகம் ஏதும் இருந்தால் ஒரு மாதிரித் துண்டை முன்னும் பின்னும் வேர்னியரால் அளந்து, அந்த விகிதத்துக்கு வரைபடத்தைப் பெருப்பியுங்கள்.

தெளிவும் போய்விடும். இரண்டாம் முறை நான் கொண்டுபோன வெள்ளைக் கோப்பையைக் காக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொதிநீருக்குக் குனியவில்லை. “நல்லாத்தான் இருக்கு. உள்ளே எவ்வளவு மிச்சம் எண்டு தெரியல்லியே” என்றார்.

பளிங்கானதா என்று பார்ப்பது

வீட்டில் செய்யக்கூடியது: 10 சென்ரிமீற்றர் நீளப் பட்டையை ஒரு கட்டையின் விளிம்பில் பாதி வெளியே நீட்டிப் பொருத்தி, நுனியில் ஒரு பத்து ரூபாய்க் குத்தியை ஒட்டி, 80 பாகை அவனில் 15 நிமிடம் வையுங்கள். எட்டு வகையையும் ஒன்றாக வைத்தால் எது முதலில் தலை குனிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

சரியான எண் வேண்டுமானால் டிஎஸ்சி என்ற வெப்ப அளவீட்டுக் கருவி வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தம் மேற்பார்வையாளர் மூலம் ஏற்பாடு செய்யலாம். 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரி, நிமிடத்துக்கு 10 பாகை. வரைபில் 60 பாகையில் ஒரு படி, 100 முதல் 120 வரை வெப்பம் வெளிவரும் மேடு, 160 அளவில் உருகும் பள்ளம் (சில கருவிகளில் மேடும் பள்ளமும் தலைகீழாக இருக்கும்). நடுவில் உள்ள மேடு, கருவிக்குள் சூடாக்கும்போதே பளிங்கானது. உங்கள் பொருளில் முன்பே இருந்ததல்ல. ஆகவே உருகும் வெப்பத்திலிருந்து அதைக் கழிக்கவேண்டும். முழுதும் பளிங்கான பிஎல்ஏவுக்குக் கிராமுக்கு 93 ஜூல் என்று எடுப்பது வழக்கம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வெறும் பிஎல்ஏவில் உருகல் 40, மேடு 25 என்றால், 15ஐ 93ஆல் வகுக்க 16 வீதம். கலவையில் உருகல் 42, மேடு 2 என்றால் மிச்சம் 40. ஆனால் கலவையில் பிஎல்ஏ 94 வீதம்தான், எனவே 93 இன் 0.94 மடங்கான 87.4ஆல் வகுக்கவேண்டும். விடை ஏறக்குறைய 46 வீதம். இந்த 0.94ஐ மறந்துவிட்டு அறிக்கை எழுதுபவர்கள் நிறைய.

இன்னொரு குழி: முதல் சூடாக்கல் உங்கள் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். உருக்கி, ஆறவைத்து, இரண்டாம் முறை சூடாக்குவது கலவையின் இயல்பைச் சொல்லும். கோப்பை குனியுமா என்ற கேள்விக்கு முதலாவதைப் பாருங்கள். எந்தச் சேர்பொருள் வேகமானது என்ற கேள்விக்கு இரண்டாவதையும், ஆறும்போது வரும் மேட்டையும் பாருங்கள். அந்த மேடு எவ்வளவு உயர்ந்த வெப்பநிலையில் வருகிறதோ அவ்வளவு நல்ல கருவாக்கி.

பழுதான கல்குலேட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் திரையில் உள்ள முனைவாக்கத் தாளை உரித்தெடுத்து இரண்டாக வெட்டி, குறுக்காக வைத்து, நடுவே மெல்லிய பிஎல்ஏ படலத்தை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கருவாக்கி இல்லாததில் சிலுவைக் குறியோடு பெரிய உருண்டைகள், டல்க் உள்ளதில் மணல் இறைத்தது போல நுண்ணிய புள்ளிகள். வேலைக்கு அவசியமில்லை, ஆனால் ஒருமுறை பார்த்தால் விடமாட்டீர்கள்.

வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டியது

பளிங்காக்கினால் பிஎல்ஏ உக்குவது மெதுவாகும். அடுக்கிய சங்கிலிக்குள் தண்ணீர் நுழைவது கஷ்டம். சாதாரண பிஎல்ஏவுக்கே 58, 60 பாகைச் சூட்டில் நடத்தும் தொழிற்சாலைக் கூட்டெரு வேண்டும். வாவியில் எறிந்தால் அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? வருடக்கணக்கில் கிடக்கும். “உக்கும்” என்ற ஒற்றைச் சொல்லோடு விற்கவேண்டாம். கோப்பையைத் திரும்பச் சேகரிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விற்கலாம். உணவுக்கு என்றால் டல்க், சிட்ரேட் இரண்டும் உணவோடு தொடுகைக்கு அனுமதி பெற்ற தரமாக இருக்கவேண்டும். எண்ணெய் மிதக்கும் கறி மென்மையாக்கியைத் தண்ணீரைவிட எளிதாக இழுத்தெடுக்கும்.

எட்டு வகையிலும் ஒவ்வொரு துண்டை எழுதி ஒட்டி அலுமாரியில் வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு தட்டினால் சிட்ரேட் வெளியே கசிகிறது. அடுத்த கலவையில் 50 கிராமை 30 ஆக்குங்கள்.